பாதி மரம்

பேட்டரி, தண்ணீர்க் கேன், பால் பவுடர் எல்லாம் வாங்கிக்கொண்டு கெரின் வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தில் பாதியைக் காணோம்.

சரியாக அவள் பக்கத்துப் பாதி.

வேலியைத் தாண்டி அவள் கூரைமேல் நீண்டிருந்த கிளைகள் எல்லாம் போய்விட்டன. தூலியோவின் வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு இலை குறையாமல் தழைத்து நின்றது. அந்த நிழலில் நாற்காலி போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"என்ன தூலியோ, இது என்ன அநியாயம்?"

"புயல் வருதில்ல? கிளையைக் கழிச்சு விட்டாத்தான் காத்து நுழைஞ்சு போகும்."

"உங்க பக்கம் காத்தே வராதா?"

"மரம் என்னோடது. எங்க வெட்டணும்னு எனக்குத் தெரியும்மா."

"ஜூனி தூங்கற ரூம் அது! ஏசி கிடையாது. இந்த நிழலை நம்பித்தான் புள்ளையை அங்க போட்டிருக்கேன். இப்பவே முதுகெல்லாம் வேர்க்குரு."

"ஃபேன் போடு."

"கரண்டு போனா? உங்க வீட்ல கொண்டுவந்து படுக்க வைக்கவா? அங்கதான் குளுகுளுன்னு இருக்கே!"

தூலியோ ஒரு வாய் பீர் குடித்தார். நாற்பது வருஷம் கரும்பு வயலில் டிராக்டரோடு மட்டுமே பேசிப் பழகிய ஆள்.

கெரினின் புருஷன் தூரத்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்ப் பத்து நாளாகிறது. விமானங்களை நிறுத்திவிட்டார்கள், புயலுக்கு முன் அவன் வர வழியில்லை. ஆறு மாதக் குழந்தையோடு தனியாக இதைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பயத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே?

தெருக்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் மரத்தின் படத்தைப் போட்டாள். கீழே எழுதினாள்: "நிழல் தனக்கு, வெயில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. எப்பேர்ப்பட்ட பெரிய மனசு!"

இருபத்தேழு பேர் கோப முகம் போட்டார்கள். ஒருத்தர் "வெட்கக்கேடு" என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே தூலியோ பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். போகிற போக்கில் வேலியோரம் நின்றார்.

"பாத்ரூம்ல இரு, அதுதான் கெட்டியான இடம். மெத்தையை மேல போட்டுக்க."

கெரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டுவதையும் வெட்டிவிட்டு, ஓடவும் ஓடுகிறார், உபதேசம் வேறு!

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் புயல் கரையைக் கடந்தது. பாத்ரூமில் மெத்தைக்கு அடியில் ஜூனியை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். மத்தியானம் தரையே அதிரும்படி ஒரு சத்தம். தன் வீடு போய்விட்டது என்றே நினைத்தாள். மெல்லக் கண்ணைத் திறந்தால், கூரை இருந்தது.

காற்று முழுதாக அடங்கியதும் வெளியே வந்தாள். தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, தூலியோவின் சமையலறையையும் படுக்கையறையையும் நசுக்கிப் போட்டிருந்தது.

'கைமேல் பலன்!' என்றது மனசு. அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் கூசியது. ஆனால் கொஞ்சம்தான்.

மறுநாள் தூலியோ வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டை வெறுமனே பார்த்தபடி வாசலில் நின்றார். கூடவே, கிளைகளை வெட்டிய டேரலும் ரம்பத்தோடு வந்திருந்தான். கெரின் அவனை வேலியோரம் கூப்பிட்டாள்.

"ஏன் டேரல், ரெண்டு பக்கமும் ஒழுங்கா வெட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா? தொழில் தெரிஞ்சவன் நீ சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? முழுசாக் கழிக்க ரெண்டு நாளாகும். ஊரே கூப்பிடுது, இவருக்கு என்னால அரை நாள்தான் தர முடிஞ்சது. சரி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கழிப்போம்னேன். தாங்கினாலும் தாங்கும். சாஞ்சா எந்த வீட்டு மேலன்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஒரே பக்கம் வெட்டினா, பாரம் இழுத்து இவர் வீட்டு மேலதான் விழும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அவர் காதுலயே வாங்கலையாக்கும்."

"நல்லா வாங்கிக்கிட்டார்." டேரல் ஒரு தரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "'நிச்சயமா என் வீட்டு மேலதான் விழுமா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். நிச்சயம்னேன். 'அப்ப அவ பக்கத்தை மட்டும் வெட்டு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, கைக்குழந்தைக்காரி, பயந்துடுவா'ன்னார்."