பிழை வரம்பு பூஜ்யம்

"வீட்ல உட்கார்ந்தே எழுதிட்டீங்களாம்மா?"

புள்ளிவிவர அதிகாரி கேட்டதும் கணக்கெடுப்புக்காரிக்குச் சுருக்கென்றது.

"நூறு வீட்டுப் படியும் ஏறி இறங்கினேன் சார்."

"'தண்ணீர் வால்வு திறப்பவர் தினமும் வருகிறாரா?' நூறு பேரும் 'ஆமாம்'. குறை சொல்ல ஒருத்தர்கூடவா இல்லை?"

வால்வுக்காரரை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்கான கணக்கெடுப்பு அது. வேலை போனால், பம்ப் அறைக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் அறையும் போகும்.

"ஆயிரம் வீட்டுக்கு நூறு வீட்டைத்தான் கேட்கிறோம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கணும். 'ஆமாம்' சதவீதத்தை 'இல்லை' சதவீதத்தால பெருக்கி, நூறால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டு மடங்காக்கினா பிழை வரம்பு. உங்க கணக்குல 'இல்லை'யே இல்லை. பிழை வரம்பு பூஜ்யம். மனுஷங்க இருக்கிற இடத்துல இப்படி வராதும்மா. வாங்க, நேர்ல பார்ப்போம்."

முதல் வீட்டில் ஒரு பெரியவர். "வர்றாரு சார். விடிய ஆறு மணிக்கு."

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரர். "வர்றாரு சார். விடிய ஆறு மணிக்கு."

ஏழாவது வீட்டிலும் அதே சொல், அதே குரல். கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது. கணக்கெடுப்புக்காரி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். தனியாக வந்தபோது இது ஏன் உறைக்கவில்லை?

"கடைசியா எப்போ அவர் முகத்தைப் பார்த்தீங்க?" என்றார் அதிகாரி.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தெரு நெடுக ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடிய ஆறு மணிக்கு இருவரும் பம்ப் அறைக்குப் போனார்கள். அரை இருட்டில் வால்வுச் சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. முதுகைக் காட்டி ஒரு காக்கிச் சட்டை நின்றது. உள்ளே ஆளே இல்லாததுபோல் அது தொளதொளவென்று ஆடியது.

"நீங்கதான் வால்வுக்காரரா?"

சட்டை திரும்பியது. உள்ளே ஒரு பெண்.

"அவர் செத்து எட்டு மாசமாச்சு சார். நான் அவர் சம்சாரம். ஒருநாள்கூடத் தண்ணி நிக்கல. ரெண்டு பொண்ணுங்களோட எங்க போவேன்? அதான் எல்லாரும் எனக்காக..."

அதிகாரி கணக்கெடுப்புக்காரியிடமிருந்து படிவக் கட்டை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"இதை இப்படியே மேலிடத்துக்கு அனுப்ப முடியாதும்மா."

"சார், விட்டுடுங்க சார்..." கணக்கெடுப்புக்காரி படிவக் கட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"பூஜ்யம்னு போனா, என்னை மாதிரி இன்னொருத்தன் கிளம்பி வருவான். நாலு பேர் 'இல்லை'ன்னு சொன்னதா மாத்தி எழுதுங்க. பிழை வரம்பு நாலுன்னு நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் எவனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்."