உள்ளூர்ப் பெயர்

"பாவம் சார் அந்த மனுஷர். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன்" என்றாள் வனஜா, பாதி போட்ட மேக்கப்போடு.

நாடகக் குழுவின் தலைவர் அர்ஜுனன் ஒட்டுமீசையைத் தேடுவதை நிறுத்தினார். "ஒரு வரிதானேம்மா?"

அந்த ஒரு வரிக்குத்தான் நாடகத்திலேயே பெரிய சிரிப்பு. குறட்டை விடும் கணவனை எழுப்பி மனைவி சொல்வாள்: "ஏங்க, தூங்கறதுதான் தூங்கறீங்க. நம்ம இன்னார் மாதிரி நின்னுக்கிட்டே, சத்தமில்லாம தூங்கக் கூடாதா?"

அந்த இன்னார் ஊருக்கு ஊர் மாறுவார். உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது குழுவின் வழக்கம். சேலத்தில் ஒரு கேன்டீன்காரர். திருச்சியில் ஒரு டாக்டர்.

இங்கே, அல்சூர் அரங்கில், நாடகத்தை ஏற்பாடு செய்த சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ தந்த பெயர் கோவிந்தப்பா. மேடையில் திரை இழுப்பவர்.

"அந்த டாக்டர் எழுந்து நின்னு கும்பிட்டார். அவருக்கு என்ன குறைச்சல்?" என்றாள் வனஜா. "இவர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறவர். வேலை நேரத்துல தூங்கறார்னு இத்தனை பேர் முன்னால சொன்னா, திருப்பி ஒரு வார்த்தை பேச முடியுமா அவரால?"

டீ கொண்டுவந்த ஆண்ட்ரூ காதில் அது விழுந்துவிட்டது. சிரித்தார்.

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார் மேடம். தைரியமா போடுங்க!"

அந்தச் சிரிப்பு வனஜாவுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் சொல்லாதவர் என்பதால்தானே அவர் பெயர்!

மேடை ஓரத்தில் கோவிந்தப்பா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார். பிறகு கூச்சப்பட்டு, கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

வனஜா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

குறட்டைக் காட்சி வந்தது. கட்டிலில் அர்ஜுனன் லாரி மேடேறுவது போலக் குறட்டை விட்டார். வனஜா இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏங்க, தூங்கறதுதான் தூங்கறீங்க. நம்ம செயலாளர் ஆண்ட்ரூ மாதிரி, மீட்டிங்ல உட்கார்ந்துக்கிட்டே, சத்தமில்லாம தூங்கக் கூடாதா?"

அரங்கம் அதிர்ந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த மீட்டிங்கைப் பார்த்தவர்கள் போலிருக்கிறது. தூங்க வேண்டிய அர்ஜுனனே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

இடைவேளையில் ஆண்ட்ரூ வேகமாக உள்ளே வந்தார். வனஜா தயாராக இருந்தாள்.

"என்ன சார், அடுத்தவரைச் சொன்னா சிரிப்பு, உங்களைச் சொன்னா கசக்குதா?"

"என்னை என்ன வேணா சொல்லுங்க மேடம், வீட்ல தினமும் கேக்கறதுதான். கோவிந்தப்பா பேரை ஏன் விட்டுட்டீங்க? அது அவரே என்கிட்ட கேட்டு வாங்கினது!"

"அவரேவா?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற கெஞ்சினார், வெட்கமாம். இங்கே வந்து பாருங்க."

திரை இடுக்கு வழியாக முன்வரிசையைக் காட்டினார்.

"பட்டுப்புடவையில இருக்கறது அவர் சம்சாரம் லட்சுமம்மா. பக்கத்துல மகள், புது மருமகன், சம்பந்தியம்மா. மேடையில என் பேர் வரும் பாருங்கன்னு ஹெப்பகோடியிலிருந்து இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கார். நாங்க நன்றியுரையில ஜெனரேட்டர்காரர் வரைக்கும் சொல்லுவோம். இவரை மட்டும் விட்டுடுவோம். அந்த நேரத்துல இவர் திரையைப் போட ரெடியா ஓரத்துல நிக்கறாரே, யார் கண்ணுலயும் பட மாட்டார்."

வனஜா கயிற்றருகே ஓடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தப்பாவே சொன்னார்:

"பரவாகில்லம்மா. அடுத்த நாடகத்துல பார்த்துக்கலாம்."

"ஐயா, அது உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொல்ற வரி!"

"தூங்குமூஞ்சின்னு கேலி பண்றதுக்கும் ஆளைத் தெரிஞ்சிருக்கணும் இல்லியாம்மா?"

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

இரண்டாம் பாதியில் குறட்டை கிடையாது. பெயரை நுழைக்க இடம் தேடித் தேடி, கடைசிக் காட்சியே வந்துவிட்டது. கணவனின் குட்டு உடைந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் சண்டையில் நிற்கும்போது திரை விழ வேண்டும்.

வனஜா சட்டென்று மேடை ஓரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கோவிந்தப்பா! ஐயா கோவிந்தப்பா! இந்த ஊர்ல நான் நம்பற ஒரே மனுஷர் நீங்கதான். என் மானம் போறதுக்குள்ள திரையைப் போடுங்க!"

சிரிப்பு கிளம்பியது. பின்வரிசைக்காரர்களும் "கோவிந்தப்பா! கோவிந்தப்பா!" என்று சேர்ந்துகொண்டார்கள்.

திரை விழவில்லை.

அர்ஜுனன் விடுவாரா? "அவர் எங்கேடி போடுவார்? அங்கே பாரு, நின்னுக்கிட்டே தூங்கறார்!"

கூரை பறந்துவிடும் போலிருந்தது. லட்சுமம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மருமகன் எழுந்து நின்று விசிலடித்தான்.

அப்போதும் திரை விழவில்லை.

வனஜா பதறிப்போய் ஓரக்கண்ணால் பார்த்தாள். கோவிந்தப்பா கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தபடி, நன்றாக விழித்துக்கொண்டுதான் நின்றார். முகமெல்லாம் பல்.

"அம்மா," என்றார் ரகசியமாக, "சம்பந்தியம்மா போனைப் பார்த்துக்கினு இருந்துட்டாங்க. இன்னொரு தடவை சொல்லுங்களேன்!"