எல்லாம் சரிங்களா?

தொழில்களின் தலையிலிருந்த சட்டச் சுமையை இறக்கிவைத்தபோது அரசு ஆய்வாளர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெருந்துறைச் சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டும் மாரப்பனே அதற்கு ஆய்வாளரும் ஆனான். "இனி நானும் ஆபீசருதான்" என்று மனைவி நாச்சாளிடம் சொல்லிச் சிரித்தான். தினமும் காலையில் ஆய்வுத் துறையின் தானியங்கிக் குரல் போனில் கேட்கும்: "எல்லாம் சரிங்களா?" இவன் "சரிங்க" என்பான். "அப்ப ஓட்டுங்க" என்று அது அனுமதி கொடுக்கும். பாய்லர் ஒழுகிய நாட்களிலும் வாய் அதையேதான் சொன்னது. வேறு சொன்னால் வேலை இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை பாய்லர் வெடித்தது.

மாரப்பனை மேல்சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்ப, விபத்து பதிவாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாச்சாள் தினமும் கேட்கும் அந்தக் குரலுக்கே போன் போட்டாள்.

"ஆய்வாளர்தான் சொல்லணுங்க" என்றது குரல்.

"அவருதானுங்க வெந்து கெடக்கறாரு."

"நான் கேக்கறப்ப அவரு இல்லைனு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க, பதிவாயிரும்."

அவள் போனை அவன் காதில் வைத்தாள். "மாமா, இல்லைனு மட்டும் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

"எல்லாம் சரிங்களா?"

நினைவு தப்பிக் கிடந்தவனின் கட்டுப்போட்ட உதடுகள் அந்தக் குரலுக்கு மட்டும் அசைந்தன.

"சரிங்க."

"இல்லீங்க, இல்லவே இல்லீங்க" என்று நாச்சாள் கதறினாள்.

"அப்ப ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போன் அணைந்தது.