பாறை வரைக்கும் பதினொரு அடுக்கு

"அம்மா, உட்கார்ந்துக்கிட்டியா? உன் பையன் பெருசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டான்." மலை மேல சிக்னல் கிடைச்ச ஒரே இடத்துல, ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு போன்ல கத்தினான் அவன்.

மூணு மூணு கல்லா ஒண்ணு மேல ஒண்ணு, கொஞ்சம் தள்ளித் தள்ளி மொத்தம் பதினொரு அடுக்கு. ஜீப் நிக்கிற இடத்துல ஆரம்பிச்சு, பெரிய பாறை வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போகுது. மலையில இடிஞ்சு கிடக்கிற கல் வீடு, கல் சுவரையெல்லாம் அளந்து பதியறதுதான் அவன் வேலை. இது பழைய வரைபடம் எதுலயும் இல்ல.

பிழைக்க வந்த ஊர்ல தற்காலிக வேலை. நாளைக்கு ஆபீஸ் மேடம் நிரந்தரம் பண்ணுவாங்களா, மூட்டையைக் கட்டச் சொல்லுவாங்களான்னு தெரியாது.

இதுவரைக்கும் அவன் பண்ணின சாதனை ஒண்ணே ஒண்ணு. முதல் நாள் பனிமூட்டத்துல பாறை மறைவா ஒதுங்கப் போனவன், திரும்பி வர வழி தெரியாம ஒரு மணி நேரம் நடுங்கிக்கிட்டு நின்னான். ஜீப் டிரைவர் அண்ணன்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அதை மட்டும் வீட்ல சொல்லல. அந்தப் பனி இன்னிக்குத்தான் விலகிச்சு.

மதியம் ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்தாங்க. அதுக்குள்ள அம்மா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லியாச்சு. பேப்பர்ல எப்ப வரும்னு சித்தப்பா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு.

மேடம் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தாங்க. "பாசி வெளிச்சம் படற பக்கம்தானே வளரும்? இதுல அடியில இருக்கே?"

"வேணும்னே கவிழ்த்து வச்சிருக்காங்க மேடம். சடங்கு."

"ஏன் இப்படி வளைஞ்சு போகுது?"

"ஆடிக்கிட்டே போயிருப்பாங்க." அவன் வாய்லேர்ந்து இவ்வளவு தைரியமா பொய் வரும்னு அவனுக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

டிரைவர் அண்ணன் ரெண்டு தடவை ஏதோ சொல்ல வந்தாரு. ஆராய்ச்சி நேரத்துல குறுக்க பேசாதீங்கண்ணேன்னு அவரை அடக்கிட்டான்.

மேடம் பேனாவைத் திறந்தாங்க. "காலம்?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது மேடம்."

"எதுக்காக இவ்வளவு தூரம் அடுக்கிக்கிட்டே போயிருப்பாங்க?"

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "எதையோ தேடிப் போயிருக்காங்க மேடம். கிடைக்கிற வரைக்கும் விடல. அது அவங்களுக்கு எவ்வளவு பெரிய பொக்கிஷமா இருந்திருக்கணும், யோசிச்சுப் பாருங்க."

ஜீப்ல சாஞ்சு நின்ன டிரைவர் அண்ணன் இதுக்கு மேல பொறுக்கல. தொண்டையைச் செருமினாரு.

"உன்னைத்தான் தம்பி தேடினேன்."