சத்தம் போடாத மெஷின்

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி டிஷ்வாஷருக்குள் தலையை விட்டிருந்தான் மோகன்.

ரேணுகாவின் ஆபீஸ் வண்டி சிறுசேரி ஐ.டி. பார்க் கேட்டைத் தாண்டிவிட்டது. மெசேஜ் வந்தாயிற்று. டிராஃபிக் இருந்தால் அரை மணி நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் தொலைந்தான்.

அவள் படூர் ஃப்ளாட்டுக்கு வந்து லிஃப்ட் ஏறுவதற்குள் இந்த மெஷின் பழையபடி கழுவ ஆரம்பித்தாக வேண்டும்.

மூன்று நாளாகத்தான் கோளாறு. பட்டனைத் தட்டினால் முனகுகிறது, அவ்வளவுதான். முதல் நாள் தட்டில் பருக்கை. மறுநாள் டம்ளர் அடியில் காபி வட்டம். இன்று காலை ரசக் கரண்டியை எடுத்து அவன் எதிரே வைத்தாள் ரேணுகா. அதில் கடுகு ஒட்டியிருந்தது.

பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். மெஷின் வருவதற்கு முன்னால் தினமும் சண்டைதான். இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு பேருக்கும் இடுப்பு வலி, சிங்க் நிறையப் பாத்திரம். இன்றைக்கு யார் முறை என்று தொடங்குகிற சண்டை, ஒருநாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றத்து அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுகிறவரை போனது.

அதற்கப்புறம்தான் மெஷின் வாங்கினான். மாட்டுவதற்கு ஆள் வரட்டும் என்றாள் ரேணுகா.

"இன்ஜினியர்னு ஒருத்தன் வூட்ல கீறேன். ஒரு பைப்பு மாட்ட ஆளா?"

தானே மாட்டினான். மறுநாள் காலை எல்லாப் பாத்திரமும் பளிச். ரேணுகா ஒரு தட்டைத் தூக்கி முகம் பார்த்துவிட்டு, அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே போட்ட பணம் சரியாய்ப் போயிற்று. சண்டை நின்றது.

இரண்டு வருஷமாக அதே வழக்கம். சாப்பிட்டதும் பாத்திரங்களை மெஷினில் அடுக்குவார்கள். உடனே அவன் அப்பா ஜானகிராமன் இரண்டு பேரையும் கீழே நடக்க விரட்டுவார். பட்டன் தட்டுவதும் சோப்பு மாத்திரை போடுவதும் தன் இலாகா என்பார். ரிட்டயர்டு பஸ் டிரைவர், வண்டியை அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டார்.

சரி. ஃபில்டரைக் கழற்ற வேண்டும். செல்போனில் வீடியோக்காரர் காட்டிய ஃபில்டரில் ஏரிச் சேறு மாதிரி அப்பியிருந்தது. மோகன் மூச்சை அடக்கிக்கொண்டு திருகி எடுத்தான்.

ஒரு கறிவேப்பிலை. கொஞ்சம் தக்காளித் தோல். நாலு பருக்கை.

இரண்டு வருஷ அழுக்கு எங்கே? பரவாயில்லை, நல்லாத்தான் வெச்சிருக்கோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அடுத்தது உப்புக் குழி. போர் தண்ணீர் வருகிற வீட்டில் உப்புப் போடாவிட்டால் மெஷின் வெள்ளை பூத்துவிடுமாம். மூடியைத் திருகினான். மேலே ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் கிழிந்தது.

ஸ்டிக்கரா? இன்னுமா?

தண்ணீர் பீய்ச்சும் விசிறியை விரலால் சுண்டினான். அசையவில்லை. அடியில் கையை விட்டான். எதுவோ தட்டுப்பட்டது. ஆட்டி, இழுத்து, வெளியே எடுத்தான்.

தெர்மாகோல் கட்டை. லாரியில் வரும்போது விசிறி ஆடாமலிருக்க வைப்பது. மாட்டும்போது எடுத்துவிட வேண்டும் என்று சிவப்பு அம்புக்குறி வேறு.

மோகன் விசிறியை மறுபடி சுண்டினான்; சர்ரென்று சுற்றியது.

இந்த விசிறி ஒருநாளும் சுற்றியதில்லை. இந்த மெஷின் ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவியதில்லை.

அப்பாவுக்கு போன் போட்டான். செங்கல்பட்டில் அக்கா சுஜாதா வீட்டில் இன்று காதுகுத்து. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறவரை இந்தத் தடவை அக்கா முன்னாலேயே வரவழைத்துப் பிடிவாதமாக இருத்திக்கொண்டாள். போய் மூன்று நாள் ஆகிறது.

"மெஷினு சரியா கழுவலப்பா."

பின்னால் மேளச் சத்தம். அப்பா எழுந்து வாசலுக்கு வருவது கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"மருமவ இன்னா சொல்லுது?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நீ மாட்டுனதுல ஒண்ணும் கொறயில்லடா. நாளைக்கி நா வந்துட்றேன். வந்தா தானா கழுவும்."

அப்பாவின் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். வயசு என்று நினைத்திருந்தான்.

"நாளைலேர்ந்து நீயும் எங்ககூட நடக்க வர்ற" என்றான்.

"நானா? பட்டன யாரு தட்டுறது?"

"தட்டிட்டே கெளம்பலாம். அது கழுவும்பா. இனிமே கழுவும்."

 "சரி" என்று வைத்துவிட்டார்.

மோகன் ஃபில்டரை மாட்டினான். உப்பைக் கொட்டினான். மாத்திரையை வைத்துப் பட்டனைத் தட்டினான். உள்ளே விசிறி சுழன்று, சுவரெல்லாம் தண்ணீர் அறைந்தது.

கதவு திறந்தது. ரேணுகா செருப்பைக் கழற்றாமலே நின்று காது கொடுத்தாள்.

"இன்னா சத்தம் இது, மழ கொட்ற மாதிரி?"

"மெஷினு கழுவுது."

"எப்பவும் சத்தமே போடாமதான கழுவும்?"

முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த தெர்மாகோலை மோகன் மெதுவாக எடுத்து அவள் கையில் கொடுத்தான்.