இரண்டாவது கரண்டி

மதியச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடம் ஆகிறது. அப்பா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மேலுதட்டு வியர்வை மினுங்குகிறது. சாப்பிட்டதும் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும், கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியவன் நான்தான். ஆனால் என்ன செய்ய? முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, ஒருவரையும் பாராட்டியறியாத மனிதர், இன்று என் சமையலை வாயில் வைத்ததும், "பரவாயில்லடா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். கரண்டி தானாகவே பாத்திரத்துக்குள் போய்விட்டது. இப்போது அவர் கையில் கட்டிய ரத்த அழுத்த இயந்திரத்தின் பட்டை உப்பி, உஸ்ஸென்று தளர்கிறது. மேல் அளவு எண்பத்தெட்டு. போன வாரம் இதே நேரத்தில் எழுந்து நடந்து, விழுந்துதான் நெற்றியில் நாலு தையல். "எழுந்துக்கட்டுமா?" என்கிறார். "வேணாம்பா, உக்காருங்க." "உனக்கு ஏன்டா மூஞ்சி வெளுத்துப்போச்சு? நீ போய்ப் படு." தரையில் உட்கார்ந்து அவர் கால்களைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொள்கிறேன். பாதங்கள் சில்லென்று இருக்கின்றன. இயந்திரத்தை மறுபடி அமுக்குகிறேன். எண்பத்து நாலு. கண்ணை மூடியபடியே அப்பா முணுமுணுக்கிறார்: "ராத்திரிக்கும் இதையே பண்ணு." அவர் பார்க்கவில்லை என்றாலும் தலையாட்டுகிறேன்.