முன்பு, பின்பு

பாயா ரும்புட் ஊரில் உஷாராணி வீட்டு ஹாலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முகச்சுருக்கம் போக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை மேசையில் அடுக்கிவிட்டு, அவள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள்.

“இது முன்ன, இது பின்ன. மூணே மாசம்!”

முதல் படத்தில் புதுச் சேலைக்கு மேலே, கன்னம் ஒட்டி, நெற்றி முழுக்கக் கோடு விழுந்த முகம். அடுத்ததில் பளபளக்கும் உஷாராணி.

“அதே மூக்கு, அதே கண்ணு! நம்பவே முடியலலா அக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு கஸ்தூரி. கைப்பேசி ஒவ்வொருவர் கையாக மாறியது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. செலண்டார் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் தமயந்தி, பை நிறைய முருங்கைக்கீரையோடு நின்றாள்.

உஷாராணி சட்டென்று எழுந்தாள். “ஃபோனக் குடு, கஸ்தூரி,” என்று கை நீட்டினாள்.

கஸ்தூரி கொடுக்கவில்லை.

“இருங்கலா, இந்தக்காவுக்குத்தான் இது கண்டிப்பா வேணும். வாங்கக்கா, பாருங்க! உங்கள மாதிரிதான் இவங்க முகமும் இருந்துச்சு.”

தமயந்தி வெடிப்பு விழுந்த விரலால் முதல் படத்தைப் பெரிதாக்கினாள். உஷாராணி பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இது போன தீபாவளிக்கு நீ எடுத்துக் குடுத்த சேலதானே? கட்டுனதும் என்ன நிக்க வச்சுப் படம் புடிச்சியே.”

கஸ்தூரி இருவர் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உஷாராணிக்கு நாற்பத்தாறு வயது. கூடப்பிறந்த தங்கை தமயந்திக்கு நாற்பது.